மகிழமரத்தடிச் சத்தம்

“சாமி, ஒண்ணு இந்த முற்றத்துல நான் இருக்கணும், இல்லை இந்தப் பிள்ளைங்க இருக்கணும்.”

கஞ்சிச் சாமி அடிப்பிடித்த அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பதில் அண்டாவுக்குள்ளிருந்தே வந்தது.

“யாரு முதல்ல வந்தது?”

“நான் தை மாசமே வந்துட்டேன்.”

“பிள்ளைங்க?”

சண்பகவல்லி வாயை மூடிக்கொண்டாள். அந்த முற்றத்துக்குப் பிள்ளைகள் எப்போதிருந்து வருகிறார்கள் என்று ஊரில் யாருக்குமே தெரியாது.

சண்பகவல்லிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சாமிக்கு நாற்பதுகூட இராது. ஆனாலும் அவர் குரு, இவள் சிஷ்யை. அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரைச் சாமி என்பாள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சங்கடமும் கிடையாது.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டைக் கொழுந்தன் குடும்பத்துக்கு விட்டுவிட்டு, கையில் ஒரு பையோடு மலையடிவாரத்து மடத்துக்கு வந்தவள் அவள். வந்த அன்றைக்கே கேட்டாள்.

“மனசு அடங்க மாட்டேங்குது சாமி. ஒரு மந்திரம் சொல்லித்தாங்க. இது இல்லைன்னா எனக்கு வேற போக்கிடம் இல்லை.”

சாமி வெளியே கையைக் காட்டினார்.

“காலையில அந்த மகிழமரத்தடியில போய் உக்காருங்க. கஞ்சி மணி அடிக்கிற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்துட்டீங்கன்னா, அன்னைக்கே சொல்லித்தாரேன்.”

பூ, இவ்வளவுதானா என்று நினைத்தாள். அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டாள்.

மடத்துக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவில் இருக்கிற பொது முற்றம் அது. நடுவில் மகிழமரம். மரம் முழுக்கத் தொட்டில். உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சின்ன மரத்தொட்டில்கள். பிள்ளை வேண்டும் என்று வருகிறவர்கள் அதை மஞ்சள் கயிற்றில் கட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளை பிறந்து நடக்கப் பழகியதும் கூட்டிக்கொண்டு வருவார்கள். கட்டினவர்கள் தங்கள் கையாலேயே தொட்டிலை அவிழ்த்துப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அங்கே அதுதான் வழக்கம்.

ஆகக்கூடி, அங்கே வருகிற பிள்ளைகள் எல்லாம் தவமிருந்து பெற்ற பிள்ளைகள். கேட்க வேண்டுமா! ஒருத்தன் மணிக்கயிற்றில் தொங்குவான். ஒருத்தி மகிழம்பழத்துக்காக இன்னொருத்தியின் சடையைப் பிடித்து இழுப்பாள். விழுந்தவன் அழுவான், அவனைப் பார்த்துத் தம்பி அழுவான், இரண்டு பேரையும் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சும்மாவே அழும். பெற்றவர்கள் இதையெல்லாம் கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு நிற்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சத்தம் லேசுப்பட்டதல்ல.

சண்பகவல்லி கண்ணை மூடுவாள். வீல் என்று ஒரு சத்தம் வரும். கண்ணைத் திறப்பாள், எழுந்து போய் அதட்டுவாள். அவ்வளவுதான், அன்றைய உட்கார்தல் முடிந்தது. இப்படியே தை போய், மாசி போய், பங்குனியும் வந்துவிட்டது.

“கோயில்னா பொது இடம் சாமி. பொது இடத்துல பிள்ளையை அடக்கி வைக்கணும்னு பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா? இன்னைக்கு ஒருத்தி, மகன் மணிக்கயித்துல தொங்குதான், இவ நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கா.”

“அழகாத் தொங்கினானோ?”

“சாமி!”

சாமி அண்டாவை விட்டு வெளியே வந்தார். மூக்கில் கரி.

“என்ன செய்யணும்ங்கீங்க?”

“பிள்ளைங்க எல்லாம் வாசலோட நிக்கட்டும். பெரியவங்க மட்டும் உள்ள வந்து கும்பிட்டுட்டுப் போகட்டும்.”

“சரி.”

“சரியா?”

“சரிங்கேன். கதவு கிடையாது, பூட்டு கிடையாது. வாசல் இருக்கு, நீங்க இருக்கீங்க. பாத்துக்கோங்க.”

சொல்லிவிட்டு மறுபடியும் அண்டாவுக்குள் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் சண்பகவல்லி ஒரு புளியம் விளாரோடு வாசலில் நின்றாள். யாரையும் அடிக்கவில்லை. காற்றில் ஒரு வீசு வீசுவாள், அது போதும். பிள்ளைகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டன.

பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

“தொட்டில் அவிழ்க்க வந்தோம்மா.”

“நீ போய் அவிழ்த்துட்டு வா. பையன் இங்க நிக்கட்டும்.”

“மரத்தடியில வச்சுத்தானம்மா அவன் கையில குடுக்கணும்?”

“வெளியில வச்சுக் குடு. அதே தொட்டில்தானே?”

அவன் அவள் கையிலிருந்த விளாரைப் பார்த்தான். பிறகு மகனைக் கீழே இறக்கிவிட்டு உள்ளே போனான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாரையும் அடக்கிவிட்டாள். முப்பிடாதியை மட்டும்தான் முடியவில்லை.

முப்பிடாதி, வாசலில் கடலை விற்கிற கனகுவின் மகள். இன்னும் பால் பல் விழவில்லை. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயேதான் கிடப்பாள். ஆள் ஒரு பிடிகூட இல்லை, தொண்டை மட்டும் ஊருக்கே காணும்.

“அத்தை! உள்ள வரட்டா?”

“வராதே.”

“ஏன் அத்தை?”

“சத்தம் போடுவே.”

“போடவே மாட்டேன்!” என்று அவள் கத்திய கத்தலில் கோபுரத்துப் புறாவெல்லாம் எழும்பிப் பறந்தன.

“கனகு, உம் மகளைக் கொஞ்சம் அடக்கி வையேன். காது கிழியுது.”

கனகு கடலையை அளந்துகொண்டே சிரித்தாள்.

“பிறந்த அன்னைக்கே இப்படித்தாம்மா. கத்தின கத்தல்ல மருத்துவச்சியே ஒரு நிமிஷம் அரண்டு போயிட்டா. தெருவே வந்து எட்டிப் பாத்துச்சு.”

சண்பகவல்லி விளாரைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னம்மா கோபமா என்று கனகு பின்னாலேயே கேட்டாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்து மறுநாள். முற்றத்தில் ஒரு குஞ்சு இல்லை; வந்ததெல்லாம் விளாருக்குப் பயந்து வெளிச் சுவரோரம் ஒண்டியிருந்தது. முப்பிடாதிகூட, அம்மா அடித்த ஒரு அடியில், வாசல் தூணுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சண்பகவல்லி மகிழமரத்தடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

ஒரு சத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

பிறகு காற்று வந்தது.

டக்.

கண் இமை துடித்தது. மறுபடியும் டக், டக் என்று கேட்டது. தலைக்கு மேலே தொட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பிள்ளைகள் இருந்தவரைக்கும் அது அவள் காதில் விழுந்ததே இல்லை.

அண்ணாந்து பார்க்காமலே அவளுக்குத் தெரியும், அவள் தலைக்கு நேர் மேலே இருக்கிற கிளையில், எல்லாவற்றிலும் பழசாக ஒரு தொட்டில் தொங்குகிறது. வந்த நாளிலிருந்து அவள் அந்தக் கிளையைப் பார்த்ததில்லை. அந்தத் தொட்டிலைக் கட்டியவளே அவள்தான். கல்யாணமாகி வெகுநாள் கழித்து, புருஷன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறிக் கட்டியது.

கட்டின மறுவருஷமே வயிற்றில் தரித்தது. நாள் தப்பாமல் பிள்ளையும் பிறந்தது.

அந்த அறையில் மருத்துவச்சி இருந்தாள், மாமியார் இருந்தாள், நாத்தனார் இருந்தாள். அத்தனை பேரும் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சண்பகவல்லி மல்லாந்து கிடந்தபடி காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மருத்துவச்சி பிள்ளையின் முதுகைத் தட்டுவது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவே இல்லை.

இப்போது இந்த முற்றமும் அந்த அறை மாதிரியே இருந்தது.

அவள் எழுந்து ஓடினாள். கஞ்சி மணி அடிக்க இன்னும் நேரம் கிடந்தது.

சாமி அடுப்படியில் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா? இன்னைக்கு யாரும் கத்தலையே?”

“கத்தலை.”

“பிறகு?”

“தொட்டில் முட்டுது சாமி. காத்துல டக்கு டக்குன்னு. என்னால தாங்க முடியலை.”

சாமி அகப்பையை நிறுத்தினார்.

“அப்ப அதையும் அவிழ்த்துருவோம்.”

“என்னது?”

“சத்தம் ஆகலைன்னீங்க, பிள்ளைங்க போச்சு. இப்ப தொட்டில் ஆகலைங்கீங்க. அதுவும் போகட்டுமே, அதுக்கென்ன?”

சொல்லிக்கொண்டே ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். சண்பகவல்லி பின்னாலேயே ஓடினாள்.

“சாமி, அது அடுத்தவங்க வேண்டுதல். கட்டினவங்கதான் தொடணும். வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“வாசல்ல பிள்ளையை நிறுத்தறப்ப இந்த வழக்கம் எங்க போயிருந்துச்சு?”

அவளுக்குச் சுருக்கென்றது.

சாமி ஏணியை மரத்தில் சாத்தி ஏறினார். ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனவர், ஒரு கிளையில் நின்றார்.

“இந்தா, இது எந்தக் காலத்துதோ. கயித்துல மஞ்சளே இல்லை, வெளுத்துப் போச்சு. கட்டினவங்க மறந்தே போயிருப்பாங்க. இதுல இருந்து ஆரம்பிப்போம்.”

கை நீட்டினார்.

“தொடாதீங்க!”

அந்த முற்றத்தில் அப்படி ஒரு சத்தத்தை எந்தப் பிள்ளையும் போட்டதில்லை. கோயில் படியில் உட்கார்ந்திருந்த பண்டாரம் எழுந்து நின்றுவிட்டார். வாசலில் கனகுவின் கையிலிருந்து கடலைப் படி நழுவி உருண்டது.

தூணுக்குப் பின்னாலிருந்து முப்பிடாதி மெதுவாகத் தலையை நீட்டினாள். உதட்டில் விரலை வைத்தாள்.

“உஷ்! அத்தை, சத்தம் போடக் கூடாது!”

யாரும் சிரிக்கவில்லை. சாமி ஏணியை விட்டு இறங்கி வந்தார்.

“உங்களுதா அக்கா?”

சண்பகவல்லி தலையை ஆட்டினாள். எத்தனையோ வருஷமாகப் புருஷனிடம்கூடப் பேசாததை அப்போது சொன்னாள்.

“பிறந்தது சாமி. பொட்டப்பிள்ளை. முடியெல்லாம் கருகருன்னு இருந்துச்சாம், நாத்தனா சொன்னா. அழவே இல்லை.”

சாமியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“பேர் வச்சீங்களா?”

“நினைச்சு வச்சிருந்தேன். கூப்பிடத்தான் இல்லை.”

“ம்.”

பிறகு கேட்டார், “இங்க வழக்கம் என்னக்கா? எனக்கு மறந்து மறந்து போகுது.”

“கட்டினவங்க கையாலேயே அவிழ்த்து... அவிழ்த்து, பிள்ளை கையில குடுக்கணும்.”

“ஆமா, அப்படித்தான் சொல்லுவாங்க.”

சாமி மூக்கை உறிஞ்சினார்.

“கஞ்சி அடிப்பிடிக்குது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஏணியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

சண்பகவல்லி ஏணியைப் பார்த்தாள். கிளையைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்க்கிறாள். அவ்வளவு சின்னத் தொட்டிலா அது? அவள் மனசில் அது எவ்வளவோ பெரிதாக இருந்தது.

வாசலுக்குப் போனாள். சுவரில் சாத்தியிருந்த விளாரை எடுத்தாள். பிள்ளைகள் பின்னால் நகர்ந்தன. அவள் அதை ஒடித்துச் சாக்கடையில் போட்டாள்.

“முப்பிடாதி, உள்ள வா.”

முப்பிடாதிக்கு நம்பிக்கை வரவில்லை.

“நான் சத்தம் போடுவேனே?”

“போடு.”

“நிசமாவா?”

“உள்ள வாட்டிங்கேன்!”

அவ்வளவுதான். சுவரோரம் ஒண்டியிருந்த அத்தனையும் ஹோ என்று உள்ளே பாய்ந்தது. போன வாரமெல்லாம் அடக்கி வைத்த சத்தத்துக்கு வட்டி போட்டுத் தீர்த்தார்கள்.

சண்பகவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே ஒரு கூட்டமே ஏணியைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததைவிட ஆட்டியதுதான் அதிகம்.

“அத்தை, அந்தக் கிளை இல்லை, இந்தக் கிளை!”

“ஏல, நீ ஆட்டாதல! அத்தை விழுந்துரும்!”

“நான் ஆட்டலை, இவதான்!”

முடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. விரலால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். வெயிலும் மழையும் ஏறிய கயிறு, வாயெல்லாம் கசந்தது. மூன்றாவது இழுப்பில் அவிழ்ந்து தொட்டில் கைக்கு வந்தது.

இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

சண்பகவல்லி தொட்டிலை அந்தக் கையில் வைத்தாள்.

முப்பிடாதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“அத்தை, பிள்ளையைக் காணோமே?”

சண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முப்பிடாதி பதிலுக்கெல்லாம் காத்துக்கொண்டிருக்கிற ஆளா? சுற்றிலும் தேடி, நன்றாகப் பழுத்துச் சிவந்த மகிழம்பழம் ஒன்றை எடுத்தாள். பாவாடையில் துடைத்தாள். ஒரு இலையில் சுருட்டித் தொட்டிலில் கிடத்தினாள்.

“இந்தா இருக்கு. பேர் என்ன அத்தை?”

முற்றத்தில் அத்தனை இரைச்சல். சண்பகவல்லி சொன்னது யார் காதிலும் விழவில்லை.

“என்னது? கேக்கலை!”

“உலகம்மை.”

“இன்னும் சத்தமா!”

“உலகம்மை!”

“ஏட்டி உலகம்மை!” முப்பிடாதி தொட்டிலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். “எந்திரிட்டி! பசிக்கா?”

பிறகு, வீட்டு விளையாட்டில் எல்லாப் பிள்ளையும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பிள்ளைக்காகத் தானே அழுதாள். கண்ணை இறுக்கி மூடி, வாயை ஆகாசத்துக்குத் திறந்து, அந்தப் பெரிய தொண்டை மொத்தத்தையும் போட்டு அழுதாள்.

“ங்ஙா! ங்ஙா! ங்ஙா!”

சண்பகவல்லி காதைப் பொத்தவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிய, அந்தச் சத்தத்தை ஒரு சொட்டு விடாமல் கேட்டாள்.

“பாருங்க அத்தை, எப்படி அழுதா!”

“ஆமாடி.” மூக்கைச் சிந்தினாள். “நல்லா அழுதா.”

“ஏன் அழுதா?”

“பசியா இருக்கும். இங்க தா, நான் பாக்கேன்.”

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தன. நான் பால் கொடுக்கிறேன் என்றாள் ஒருத்தி. நான்தான் தாய்மாமன் என்றான் மணிக்கயிற்றில் தொங்குகிறவன். பொடியன் ஒருத்தன் மெல்லக் கையை நீட்டிப் பழத்தை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தான்.

“ஏல, பிள்ளையத் தின்னுராதல!” என்று முப்பிடாதி அவன் கையில் ஒன்று போட்டாள். அவன் அழுதான். அவன் அக்கா அதற்கு மேல் அழுதாள்.

“சரி, சரி, எல்லாரும் தாலாட்டுப் பாடுங்க. பிள்ளை தூங்கட்டும்” என்றாள் சண்பகவல்லி.

பாடினார்கள். ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு ராகம். ஒருத்தனுக்குத் தாலாட்டு தெரியாது, அவன் வாய்க்கு வந்த கோயில் பாட்டைப் பாடினான். கூட்டத்தோடு கூட்டமாகச் சண்பகவல்லியும், எப்போதோ மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஒன்றை எடுத்துவிட்டாள். ராராரோ என்று மலையடிவாரமே அலறியது. கனகு கடலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். தொட்டில்கள் மேலே முட்டிக்கொண்டனவோ என்னவோ, சண்பகவல்லிக்குக் கேட்கவில்லை.

கஞ்சி மணி அடித்தது. சாமி அடித்த மணி சாமிக்கே கேட்டிருக்காது. அகப்பையும் கையுமாக மரத்தடிக்கு வந்தார்.

“அக்கா!”

அவள் திரும்பவில்லை.

“அக்கா! மணி அடிச்சாச்சு! எந்திரிக்காம உக்காந்துட்டீங்க! மந்திரம் வேணுமா?”

சண்பகவல்லி மடியிலிருந்து கண்ணை எடுக்காமல் உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவா சாமி. பிள்ளை தூங்குது.”